சபையில் எழுந்து நின்று சொன்னேன்

சகோதர சகோதரிகளே, என் வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். மறைத்துத்தான் முதலில் கெட்டேன்.

1996 ஜனவரி. அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த பிஸ்கட்டவேயில் முழங்கால் அளவு பனி. என் மனைவி ஜெபாவுக்கு ஆறாம் மாதம். குழந்தை முந்திப் பிறந்துவிடலாம், கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உதவிக்கு வரவிருந்த மாமியாருக்கு விசா கிடைக்கவில்லை. மூன்று வயது மகள் வீடெல்லாம் ஓடுவாள்; அவள் பின்னால் ஜெபா எழுந்துவிடுவாள். நான் ஆபீசில் உட்கார்ந்து பயந்து செத்தேன்.

ஞாயிறுதோறும் பக்கத்துத் தெரு மெதடிஸ்ட் சேப்பலுக்குப் போவேன். பாளையங்கோட்டையில் நான் வளர்ந்த கிறிஸ்தவக் கோயிலில் ஜெபம் புத்தகத்தில் அச்சாகியிருக்கும். போதகர் ஐயர் வாசிப்பார், நாங்கள் ஆமென் சொல்வோம். இங்கே பிரசங்கத்துக்கு முன் மைக் பெஞ்சு பெஞ்சாக வரும். அவரவர் சந்தோஷத்தையும் கவலையையும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். சபை அதற்காக ஜெபிக்கும். ஒருவர் தன் மகனின் விவாகரத்தைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டு விஷயத்தை இப்படியா ஊரறியச் சொல்வது? என் முறை வந்ததும், "எல்லாரும் சுகம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஜெபாவிடம் சொன்னேன்.

"கோயில்ல வச்சே பொய்யா?" என்று சிரித்தாள். பிறகு அழுதாள். "நம்ம பிள்ளைக்காகக் கேக்க உங்களுக்கு வெக்கமா இருக்கா?"

அன்று முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, குழந்தையைக் காப்பாற்றும், என் வாயையும் திறந்துவிடும் என்று கேட்டேன்.

அடுத்த ஞாயிறு மைக்கை வாங்கி எழுந்து நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். சபையே தலை குனிந்து ஜெபித்தது. ஆராதனை முடிந்து நான் கோட்டை மாட்டுவதற்குள் டோரதி ஆன்ட்டி வந்தார். எழுபது வயது வெள்ளைக்கார அம்மா. வரட்டுமா என்று கேட்கவில்லை. "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றுதான் கேட்டார்.

ஐந்து பெண்கள் முறை வைத்துக்கொண்டு தினமும் வந்தார்கள். பனியைத் தள்ளினார்கள், மகளைப் பார்த்துக்கொண்டார்கள், கேசரோல் என்கிற உப்பு உறைப்பில்லாத அமெரிக்கச் சாப்பாடும் கொண்டுவந்தார்கள். ஜெபா அதை எலுமிச்சை ஊறுகாய் தொட்டு ருசித்துச் சாப்பிட்டாள். ஏப்ரலில் நிறைமாதத்தில் மகன் பிறந்தான். என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

உங்களுக்கும் ஒரு பாரம் இருக்கலாம். வாய்விட்டுக் கேளுங்கள். அவர் யாரையாவது உங்கள் வாசலுக்கு அனுப்பிவைப்பார்.

மகனுக்கு இப்போது ஐந்து வயது. போன ஞாயிறு அவனே மைக்கை வாங்கி, அப்பாவுக்குக் கோபம் அதிகம் வருகிறது என்று சபைக்கு அறிவித்தான். எல்லாரும் எனக்காக ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன்.