பழைய டிஸ்க் எது, புது டிஸ்க் எது

நைட் ஷிப்ட் முடிந்து ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்கு யார் மேலும் பிரியம் மிச்சம் இருக்காது. அன்று காலையும் அப்படித்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் படுக்க முடியவில்லை. எங்கள் கல்யாண வீடியோ இருந்த ஹார்டு டிஸ்க் சில நாளாகக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அது போனால் எல்லாம் போச்சு. அம்மா நடமாடிப் பேசுவது அந்த ஒரு வீடியோவில்தான். அம்மா செத்தபிறகு அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்றைக்காவது பார்த்துக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு புது டிஸ்க் வாங்கி வந்திருந்தார். இரண்டையும் எங்கள் பழைய கம்ப்யூட்டரில் செருகினேன். அதில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ்; கம்பெனியில் நான் வேலை பார்க்கும் டெஸ்டிங் லைனிலும் அதுதான். பழைய டிஸ்க்குக்கு எஸ்டிபி, புதியதற்கு எஸ்டிசி என்று அது பெயர் வைத்தது. பி-யில் இருப்பதை அப்படியே சி-யில் எழுது என்று கட்டளை கொடுத்தேன். ஓட ஆரம்பித்ததுமே கரண்ட் போனது.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டு அதே வரியைத் திரும்ப அடித்தேன். என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

விரல் நின்றுவிட்டது. லைனில் ஒவ்வொரு சர்க்யூட் போர்டுக்கும் சீரியல் நம்பரைப் பார்த்த பிறகுதான் பாஸ் போடுவோம், அந்தப் பழக்க தோஷம். எஸ்டிபி, எஸ்டிசி எல்லாம் டிஸ்க்கின் சொந்தப் பெயர் இல்லை. கம்பெனி பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர்களுக்கு ஜன்னல் சீட் கிடைக்கிற மாதிரி, எந்த டிஸ்க் முதலில் எழுந்து பதில் சொல்கிறதோ அதற்கு முதல் எழுத்து. அடுத்த தடவை இடம் மாறலாம். மாறியிருந்தால், காலி டிஸ்க்கை நானே அம்மாவின் மேல் எழுதிவிடுவேன்.

வேலைக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அதே கமாண்டுதானே, தட்டிட்டுப் படு. கண்ணெல்லாம் செவந்து கீது."

"உங்கம்மாவா இருந்தா இப்டி சொல்லுவியா?" என்று எரிந்து விழுந்தேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை பறந்துவிடும். பாவம், என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

அவர் ஷூவோடு உள்ளே வந்து, செல்போன் டார்ச் அடித்து, பழைய டிஸ்க்கின் முதுகில் இருந்த சீரியல் நம்பரை எழுத்து எழுத்தாகப் படித்தார். நான் திரையில் அதைத் தேடினேன்.

அம்மா சி-யில் இருந்தாள்.

சாகக் கிடந்த டிஸ்க் எழுந்திருக்கவே நேரமாகியிருக்கிறது, புதியது முந்திக்கொண்டுவிட்டது. அடித்து வைத்திருந்த வரியை அழித்தேன். அவருக்கு பஸ் போய்விட்டது; ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

இந்த முறை எழுத்தை நம்பவில்லை. சீரியல் நம்பர் சேர்ந்த நீளப் பெயரையே கொடுத்தேன். காப்பி முடிகிறவரை தூங்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மதியம்தான் காப்பி முடிந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துத்தானே ஆகவேண்டும்? புது டிஸ்க்கிலிருந்து வீடியோவை ஓட்டினேன்.

பந்தியில் அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். கேமரா கிட்டே போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை ஆட்டினாள்.

"என்னை இன்னாத்துக்குப்பா எடுக்குற? போ, பொண்ண எடு."

கேமராக்காரர் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டார். அதற்கப்புறம் வீடியோ முழுக்க நான்தான்.