அத்தை கையில் சாவியைக் கொடுத்த நாள்

நல்லெண்ணெயில் பெருங்காயம் பொரிகிற வாசனை விடியற்காலையிலேயே வந்தால், எங்கள் வீட்டில் விருந்தாளி இருக்கிறார்கள் என்று அர்த்தம்...

வடமாலபேட்டையில் மெட்ராஸ் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. திருப்பதி போகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதுதான் சத்திரம். வந்து இறங்குவார்கள், குளிப்பார்கள், அம்மா கட்டிக்கொடுக்கிற புளிச்சோற்றை வாங்கிக்கொண்டு மலைக்குக் கிளம்புவார்கள். மறுநாள் மொட்டைத் தலையோடு திரும்பி வந்து, சூடாக ரசம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். அவர்களுக்கு வழி காட்டப் போய்ப் போயே என் நைனா ஐம்பது தடவை மலை ஏறியிருப்பார். நானும் ஒட்டிக்கொண்டு எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

ஊருக்குள் கேபிள் டிவியும் எஸ்டிடி பூத்தும் புதிதாக வந்திருந்த சமயம். சித்தூரில் நர்ஸிங் முடித்த எனக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை, துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"போறதுக்குள்ள மலைக்கு ஒரு நட போயி கும்புட்டுட்டு வந்துடுடி."

"நீயும் வா."

"நான் எங்க... ஆளுங்க வந்துக்கினே இருக்காங்க. மலை எங்கியும் ஓடிடாது."

"நீ கடைசியா எப்பம்மா போன?"

அம்மா ஒரு பாவாடையை உதறி மடித்தாள். "நான் எங்கடி போனேன்."

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருப்பதி. ஒரு தடவைகூடப் போனதில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாப்பிட்ட யாரும் கேட்கவில்லை, சரி. பெற்ற பெண் நானுமா கேட்கவில்லை?

"லீவுல வருவ இல்ல, அப்ப இட்டுக்கினு போவலாம்" என்றார் நைனா. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கொஞ்சம் விட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்... புதன்கிழமையே போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலை ஆறு மணி. அம்மா மாம்பழக் கலர் புடவை கட்டியிருந்தாள். கதவைப் பூட்டி சாவியை முந்தானையில் முடிந்தாள். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது...

பெரம்பூர் அத்தை. நைனாவின் தங்கை. மாமா, பிள்ளைகள், மாமாவின் அண்ணன் குடும்பம் என்று ஒன்பது பேர்.

"எங்க அண்ணி, கெளம்பிக்கினு இருக்கீங்களா?"

"எங்கியும் இல்லம்மா. உள்ள வாங்க" என்று அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

என்ன தைரியமோ, அந்தச் சாவியைப் பிடுங்கி அத்தை கையில் வைத்துவிட்டேன்.

"அத்த, அம்மா இன்னிக்கித்தான் மொதல் தடவயா மலைக்குப் போவுது. அரிசி கதவாண்ட ட்ரம்முல இருக்குது, பருப்பு மேல்தட்டுல. நீங்க சமச்சி துன்னுங்க. நாங்க பொழுதோட வந்துடுவோம்."

நைனா வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அவர்களோடு விட்டுவிட்டு நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

திருப்பதி வரும்வரை ஒரே பாட்டுதான். "உங்க அத்த மூஞ்சில எப்பிடிடி முழிப்பேன்..." மலை பஸ்ஸில் ஏறி ரெண்டு வளைவு திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி எட்டி எட்டிப் பார்த்தாள். நம் ஊர் எந்தப் பக்கம் என்று நாலு தடவை கேட்டாள்.

அன்று கூட்டம் கம்மி. சந்நிதிக்கு முன்னால் வந்ததும் எல்லோரையும் போல எங்களையும் கோயில் ஆட்கள் தள்ளினார்கள். அம்மா நகரவில்லை. தள்ளிய பெண்ணைத் திரும்பிப் பார்த்து, தெலுங்கில் நிதானமாகக் கேட்டாள்.

"இரவை ஏண்ட்லு ஆகினானம்மா. நுவ்வு ஒக்க நிமிஷம் ஆகலேவா?"

நான் இருபது வருஷம் பொறுத்தேன், நீ ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டாயா என்று. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா நின்று பார்த்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். சண்டைதான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தால், வாழை இலை போட்டிருந்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் யாரும் மலைக்குப் போகவே இல்லை.

"ஒக்காருங்க அண்ணி" என்றாள் அத்தை. "ஒவ்வொரு தரமும் வந்து துன்னுட்டு துன்னுட்டுப் போனேன். நீங்களும் வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல பாருங்க."

அம்மாவுக்கு உட்காரவே தெரியவில்லை. எழுந்து எழுந்து அடுப்பைப் பார்த்தாள். சோறு அடிப்பிடித்திருந்தது, சாம்பாரில் உப்பு ஜாஸ்தி. அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் சாப்பிட்டதே இல்லை.

ரெண்டு வருஷம் கழித்து நான் லீவில் வந்தபோது, அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர் ஏறிப் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. வெளிச்சமும் ஆள் அசைவதும் மட்டும் தெரியும். போனில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நர்ஸ் பெண்ணைக் கவலைப்படுத்தக் கூடாதாம்...

லீவில் போகலாம் என்று அன்று தலையாட்டியிருந்தால்?

இன்று ரோடு அகலமாகிவிட்டது. சொந்தக்காரர்களின் கார்கள் நிற்காமல் போகின்றன. தரிசனம், ரூம் எல்லாம் ஆன்லைனில். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆனால் குரல் மட்டும் கணீரென்று இருக்கிறது. டிவியில் மலை உற்சவம் லைவாக வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நான் சொல்லுவேன். ரெண்டு நிமிஷம் கேட்பாள்.

"அது உற்சவர்டி. உள்ள இருக்கறவர நான் பாத்திருக்கேன், கேளு..." என்று ஆரம்பிப்பாள். மாலை எந்தப் பூ, தோள் எவ்வளவு அகலம், நாமத்துக்குக் கீழே கண் எப்படிச் சிரித்தது...

நாமம் கண்ணை மறைத்திருக்குமே என்று நான் சொல்வதில்லை. அத்தனை தடவை போய்வந்தும் நான் அந்தக் கண்ணைப் பார்த்ததில்லை.