முதுகில் வைத்த பீங்கான்

தொண்ணூறுகளின் கடைசியில் என் முதுகில் இரண்டாவது தடவையாகக் கத்தி வைத்தார்கள். முதல் தடவை, இடுப்பெலும்பைச் சுரண்டி எடுத்து, நழுவிப்போன முள்ளெலும்பின் இரண்டு பக்கமும் வைத்து, திருகாணி போட்டார்கள். மேலெலும்பும் கீழெலும்பும் ஒன்றாக ஒட்டிவிட்டால் வலி போய்விடும் என்றார்கள். ஒட்டவில்லை. முதுகு வலி அப்படியே இருக்க, எலும்பு எடுத்த இடுப்பும் சேர்ந்து வலித்தது. ஃபேக்டரி வேலையை விட்டேன். பட்டர்வொர்த் பக்கத்தில், செபராங் ஜெயா வீட்டில் சோறு வடித்துவிட்டுப் படுப்பேன். துணி காயப்போட்டுவிட்டுப் படுப்பேன். எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதே அலுத்துப்போனது.

ஜார்ஜ் டவுனில் பார்த்த புது டாக்டர் ஒரு சீனர், நிதானமாகப் பேசுபவர். இடுப்பை இனித் தொட வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாகப் பீங்கான் துகள் வைக்கலாம், அதன் துளைகளுக்குள் என் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் பீங்கான் இடம்தான் கொடுக்கும், எலும்பை வளரச் சொல்லாது. அதனால் என் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, வளர்ச்சியைத் தூண்டும் சத்துள்ள பகுதியைப் பிரித்து, துகளோடு குழைத்து வைப்பாராம். இது புதுசு, உறுதி சொல்ல முடியாது என்பதையும் அவரே சொன்னார்.

வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்ததும், "ஒரு தடவ வெட்டுனது போதும் லா," என்றார்.

"இப்படியே படுத்துக் கெடக்க என்னால முடியலங்க," என்றேன். அவர் திரும்ப உள்ளே போய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வந்தார். நானும் நம்பிக்கை வந்து சம்மதிக்கவில்லை. டாக்டரை மறுத்துப் பேசத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த முதல் எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். அது எலும்பில்லை, வைத்த பீங்கான்தான் அப்படித் தெரிகிறது. துகள்களின் ஓரம் மங்கி ஒன்றோடொன்று கலந்தால்தான் எலும்பு வளர்ந்ததாக அர்த்தம் என்றார்.

அதன்பின் காத்திருப்புதான். இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, வியர்வையில் அரித்த தோலுக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, கடல் தாண்டி ஜார்ஜ் டவுனுக்குப் போனோம். ஒவ்வொரு படத்திலும் துகள் துகளாகவே தெரிந்தது. பிறகு படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். டாக்டரின் முகத்தை மட்டும் பார்ப்பேன்.

ஒரு நாள் டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, வெகுநேரம் பார்த்தார். இடது பக்கம் துகள்கள் கலந்து ஒரே கட்டையாகியிருந்தன. வலது பக்கம் இன்னும் பாதிதான்.

"ஒரு பக்கம் பிடிச்சா போதுமா, டாக்டர்?" என்று மலாயில் கேட்டேன்.

"உன் முதுகுக்குப் போதும்," என்றார்.

அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. வீட்டுக்காரர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலி எப்படி என்று டாக்டர் கேட்டார். குறைந்திருக்கிறது, போய்விடவில்லை என்றேன்.

திரும்பும்போது ஃபெரியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். பட்டர்வொர்த் வந்து, வண்டிகளெல்லாம் இறங்கிப் போன பிறகுதான் வீட்டுக்காரர் என்னை எழுப்பினாராம்.