கார் கண்ணாடியில் துடைத்த இடம்

கும்மிடிப்பூண்டியில் இரும்பாலைகளுக்குப் பின்னால் குடியிருப்பவர்கள் துணி காயப் போடும்முன் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்வார்கள். சோனியா காருக்காகப் பார்ப்பாள். காலையில் துடைத்து நிறுத்தினால் மத்தியானத்துக்குள் அந்த வெள்ளைக் கார் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும்.

அவள் பெற்றோர் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். சோனியா தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். உள்கிராமத்துப் பெண்கள் விடியும்முன் முள்காட்டு வழியாக நடந்து வந்து பஸ் பிடிப்பார்கள். நாய் துரத்தும், குடிகாரன் துரத்துவான். இதையெல்லாம் பார்த்த சோனியா வார விடுமுறைகளில் கார் ஓட்டக் கற்றாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய காரை வாங்கி, அந்தப் பெண்களை வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். கணவன் ஸ்டீபன் இரும்பாலையில் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட் பார்ப்பவன். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெருவில் கார் ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான்.

காரை விற்றவர் திருவள்ளூரில் பழைய வண்டி வியாபாரம் செய்யும் அன்புசெல்வன். ஒப்படைத்த அன்று அவரே எலுமிச்சம்பழம் வாங்கி வந்து டயருக்கு அடியில் வைத்தார். சோனியாவின் கழுத்தில் சிலுவையைப் பார்த்ததும், "எந்த சாமியா இருந்தா இன்னா தங்கச்சி, வண்டி மேல கண்ணு படக்கூடாது" என்று சிரித்தார். சாவி ஒன்றுதான் தந்தார். இன்னொன்றை முதல் சொந்தக்காரர் தொலைத்துவிட்டாராம்.

வீட்டுக்குக் காம்பவுண்டு இல்லை. பக்கத்துக் காலி மனையில்தான் கார் நிற்கும். அடுத்த தெருவில் பட்டப்பகலில் ஒரு கார் காணாமல் போகும்வரை அது சோனியாவுக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. அதன்பிறகு அவளுக்கு நிம்மதி போய்விட்டது. மனையின் வாயிலில் இரண்டு கல்தூண் நட்டு சங்கிலி போட்டாள். ஸ்டியரிங்கில் மாட்டிப் பூட்டும் இரும்புத் தடி வாங்கினாள். சாவியை டிவி மேல் வைப்பதை விட்டுவிட்டு தலையணைக்கு அடியில் வைத்தாள். காலை சவாரி முடித்து வந்து தூங்கும்போதுகூட, வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். கேஸ் சிலிண்டர் போடுபவர் காரைச் சுற்றி நடந்தாலும் சந்தேகம். கறிவேப்பிலை விற்கும் பெண்மணி சங்கிலியைத் தாண்டினாலும் சந்தேகம். ஸ்டீபன் முதலில் கேலி செய்தான். பிறகு கேலியையும் நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் அந்த அடையாளத்தைப் பார்த்தாள். டிரைவர் பக்கக் கண்ணாடியில் படிந்திருந்த தூசியில், முகம் அளவுக்கு வட்டமாக ஒரு இடம் மட்டும் துடைக்கப்பட்டிருந்தது. யாரோ உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கவனித்தாள். எதிர் வரிசையில் ஒற்றை அறையில் தங்கியிருந்த வெல்டர் யேசுதாஸ் வந்து, சங்கிலியைத் தாண்டி, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக் குனிந்து பார்த்தார்.

சோனியா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக அவருடைய அறைக்குச் சொந்தக்காரரான ஜானகியம்மாளிடம் போய்ச் சொன்னாள். அடுத்த தெருவில் கார் திருடு போன நேரம், எங்கிருந்தோ வந்த தனி ஆள். ஜானகியம்மாளுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. அந்த வார இறுதியில் யேசுதாஸ் ஒரு பையையும் ஒரு பாயையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். சோனியாவின் வீட்டைத் தாண்டும்போது கொஞ்சம் நின்றார். அவள் கதவைத் திறக்கவில்லை.

அதன்பிறகு சில நாள் நன்றாகத் தூங்கினாள்.

ஒரு நாள் பிற்பகல் சவாரிக்காகக் காரில் ஏறி உட்கார்ந்தபோது கால் பெடலுக்கு எட்டவில்லை. இருக்கை பின்னால் தள்ளப்பட்டிருந்தது. கதவு பூட்டியபடிதான் இருந்தது, கண்ணாடி உடையவில்லை, ஸ்டியரிங்கில் தடி மாட்டியபடி இருந்தது. உள்ளே யாரோ சாவி போட்டு ஏறி உட்கார்ந்து, தடியைப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். உயரமான ஆள். யேசுதாஸ் அவளைவிடக் குள்ளம். அது அவளுக்கு அப்போதே உறைத்தது. ஆனாலும், அவர் சாவிக்கு நகல் எடுத்து வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம் என்றுதான் மனம் போனது.

மெக்கானிக் லோகுவிடம் வண்டியை விட்டாள். அவன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு வெகுநேரம் துழாவினான். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"யக்கா, நீ ஜிபிஎஸ் போட்டிருக்கியா?"

"இல்லியே."

"உள்ள ஒண்ணு ஓடிக்கினு கீது. வண்டி எங்க நிக்குது, எப்ப நிக்குதுன்னு எவனோ ஊட்ல உக்காந்து பாத்துக்கினு கீறான். ஒயரு எல்லாம் பழசு. நீ வாங்கறதுக்கு முன்னாடியே போட்டது."

சோனியா அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழமும் தங்கச்சி என்ற அழைப்பும் நினைவுக்கு வந்தன. விற்ற வண்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போக ஒருவன் திட்டம் போடுவான் என்பதை அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

சோனியாவும் ஸ்டீபனும் போலீஸில் போய்ச் சொன்னார்கள். அந்த ஜிபிஎஸ் பெட்டியைக் கழற்ற வேண்டாம், ஆள் வந்தால் உடனே போன் செய்யுங்கள் என்றார்கள் போலீஸார். லோகு காருக்குப் புதுப் பூட்டு ஆர்டர் கொடுத்தான். அது வரும்வரை, பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்த சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்சைப் பொருத்தினான். அதைத் தட்டிவிட்டால் வண்டி உறுமும், ஆனால் பிடிக்காது.

சோனியா அந்த சுவிட்சைத் தட்டிவிட்டு, ஆள் வரட்டும் என்று தடியை மாட்டாமல் விட்டாள். சங்கிலியையும் அவிழ்த்துக் கீழே போட்டாள். காலை சவாரி முடித்ததும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். ஸ்டீபனும் ஷிஃப்ட் முடிந்து வந்து உள் அறையில் பேன்ட் சட்டையோடு படுத்துக்கொள்வான். அந்த நாட்களில் தெருவில் போன எல்லோர் கையிலும் சாவி இருப்பது போலவே அவளுக்குத் தெரிந்தது.

வந்தவர் வேறு யாரும் இல்லை, அன்புசெல்வனேதான். நெடிய உடம்பில் இஸ்திரி போட்ட சட்டை, கையில் போன். தெருமுனையில் பைக்கிலிருந்து இறங்கி, சொந்த வண்டியை எடுக்கப் போகிறவர் போல நிதானமாக நடந்து வந்து, கதவைத் திறந்து ஏறினார். பைக்கை ஓட்டி வந்தவன் அங்கேயே நின்றான். என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. சோனியா போலீஸுக்குப் போன் செய்துவிட்டு வெளியே போனாள். சங்கிலியை எடுத்து இரண்டு தூணுக்கும் நடுவில் இழுத்துப் பூட்டினாள்.

அவர் அவளைக் கண்ணாடியில் பார்த்தார். இறங்கினார். சிரித்தார்.

"இன்னா தங்கச்சி, இந்தப் பக்கம் வந்தேன். வண்டி எப்டி ஓடுதுன்னு பாக்கலாம்னு…"

"சாவி ஒண்ணுதான் கீதுன்னு சொன்னீங்களே அண்ணா?"

அவர் தெருமுனைப் பைக்கை நோக்கித் திரும்பினார். சங்கிலியைத் தாண்டி ஓடப் பார்த்தார். ஸ்டீபன் குறுக்கே வந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்தான். பைக்கை ஓட்டி வந்தவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். போலீஸ் வரும்வரை தெருப் பெண்கள் அன்புசெல்வனைச் சுற்றி நின்றார்கள். அவர் விற்ற வேறு வண்டிகளும் இப்படிப் போயிருக்கின்றன என்று பிறகு ஸ்டேஷனில் சொன்னார்கள். வழக்கு நடக்கிறது. அடுத்த தெருக் கார் மட்டும் கிடைக்கவே இல்லை. அதை அவர்தான் எடுத்தாரா என்பதும் தெரியவில்லை.

யேசுதாஸைத் தேடிப் போக சோனியாவுக்குப் பல நாள் தைரியம் வரவில்லை. கடைசியில், அவர் வேலை பார்க்கும் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் அவரைப் பார்த்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். தப்பாக நினைத்துவிட்டேன் என்றாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எதுக்குண்ணா கண்ணாடிய தொடச்சித் தொடச்சிப் பாத்தீங்க?" அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தல வாரத்தாம்மா. ரூம்ல கண்ணாடி இல்ல." டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

ஜானகியம்மாளிடம் தானே பேசுவதாகவும், அவர் அதே அறைக்குத் திரும்பி வர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். யேசுதாஸ் கோபப்படவில்லை. இப்போது இருக்கும் இடம் வேலைக்குப் பக்கம் என்று மட்டும் சொன்னார். தன்னைத் திருடன் என்று பார்த்த தெருவில் மறுபடி எப்படி நடப்பது என்று அவர் கேட்கவில்லை. சோனியாவுக்கு அது கேட்டது. பட்டறையில் மணி அடித்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவள் ஜானகியம்மாளிடம் உண்மையைச் சொன்னாள். பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அப்படியிருந்தும், தனி ஆள் யாராவது தெருவுக்குக் குடிவந்தால் இன்றைக்கும் முதல் பார்வை அதே பார்வைதான். சோனியாவுக்கும் அது முழுதாகப் போய்விடவில்லை. காரில் புதுப் பூட்டு இருக்கிறது, தடி இருக்கிறது, சங்கிலியும் இருக்கிறது. காருக்குப் பக்கத்தில் தெரியாத ஆள் யாராவது நின்றால் அவள் இப்போது ஜன்னலுக்குப் பின்னால் நிற்பதில்லை. வெளியே போய், என்ன வேண்டும் என்று கேட்கிறாள்.