கப்டன் சொல்லாத வசனம்

"அறுபது பேரைச் சாகவிட்டுட்டு, அதுக்கு மேல ஒரு வசனமும் எழுதி வச்சிருக்கீங்களே மிஸ்..."

இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பேருக்கு முன்னால் என்னைப் பார்த்து ஒரு பெண் கேட்டது இது. என் தோளில் பொன்னாடை. முன்னால் மைக். மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது.

பயப்படாதீர்கள். அறுபது பேரும் செத்தது விண்வெளியில்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு விசயம் தெரியும். ‘பரணி’ என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது அல்லவா? பூமியை விட்டுப் போகிற ஒரு பெரிய விண்கப்பல், அதற்குள் பன்னிரண்டு அறைகள், ஒவ்வோர் அறையும் ஒரு கிராமம் மாதிரி... அந்தத் தொடரை நாவலாக எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை — சம்பவங்களை மாற்றக் கூடாது. திரையில் செத்தவர் புத்தகத்திலும் சாக வேண்டும். திரையில் கலியாணம் கட்டியவர் புத்தகத்திலும் கட்டத்தான் வேண்டும். வேறு யாரோ சமைத்த சோற்றை என் கோப்பையில் போட்டுப் பரிமாறுகிற வேலை.

பிறகு நான் எதற்கு? கமரா முகத்தைத்தான் காட்டும். அந்த முகத்துக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று எழுத ஓர் ஆள் வேண்டுமே. அதில் நான் கெட்டிக்காரி. தன்னடக்கம் வேண்டுமென்றால் வேறு பத்தி எழுதுகிறவர்களிடம் கேளுங்கள்.

புத்தகம் வந்தது. கருத்துகளும் வந்தன. எழுதுகிற எனக்கு ஒரு வாய். வாசிக்கிற சனத்துக்கு எத்தனை வாய்!

மாங்குளம் சந்தியில் கடை வைத்திருக்கும் ஒருவர் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். "ரிவியில கப்டன் நல்ல வடிவு. உங்கட புத்தகத்தில அவ்வளவு வடிவு காணாது." முள்ளிவாய்க்காலில் இருந்து ஒரு கடற்றொழிலாளி தொலைபேசியில் பிடித்தார். "கப்பல் எண்டு எழுதிப்போட்டு நங்கூரத்தைப் பற்றி ஒரு சொல்லுக் கூட இல்லையே தங்கச்சி? எஞ்சின் நிண்டால் அவங்கள் என்ன செய்வாங்கள்?" நான் என்ன பதில் சொல்ல? விண்வெளியில் அடி இல்லை அண்ணை, நங்கூரம் எங்கே போய்ப் பிடிக்கும்? அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடி இல்லாத இடத்துக்கு ஏன் சனத்தைக் கூட்டிக்கொண்டு போகவேணும் என்று கேட்டார்.

ஆனால் ஒரு விசயத்தில் எல்லோரும் ஒரே குரல். இருபத்தோராம் பாகம். கப்பலில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகிறது. இருக்கிற தண்ணீர் பதினொரு அறைகளுக்குத்தான் காணும். கப்டன் பன்னிரண்டாம் அறைக்குப் போகும் குழாயை அடைத்து, கதவையும் மூடிவிடுகிறார். உள்ளே அறுபது பேர். அந்த இடத்தில் கப்டனின் வாயில் நான் ஒரு வசனம் வைத்தேன்.

"எல்லோரையும் காக்க நினைப்பவன் எவரையும் காக்கமாட்டான். சிலரை இழக்கத் துணிந்தவனே தலைவன்."

பிய்த்துக்கொண்டு போனது. பேஸ்புக்கில் சூரிய அஸ்தமனப் படத்தின் மேல் போட்டார்கள். கிளிநொச்சியில் ஓர் ஓட்டோவின் பின்கண்ணாடியில் அதைக் கண்டேன். ஓட்டோவை மறித்து, அதை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அந்த நேரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது.

அக்கராயனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், போடவில்லை. அங்குள்ள வாசிகசாலையின் செயலாளர் தவராசா அண்ணை கதைத்தார். "தங்கச்சி, உங்கட புத்தகத்தைப் பற்றி வாசகர் கருத்துக் கூட்டம் ஒண்டு வைக்கிறம். கட்டாயம் வாங்கோ. சனம் நிறைய வரும்."

வந்தது. நாற்பது பேர்! நகரத்தில் புத்தகக் கூட்டம் வைத்தால் பதினைந்து பேர் வருவார்கள், அதில் ஆறு பேர் என் சொந்தக்காரர். இங்கே கதிரை காணாமல் பின்னால் நீள வாங்குகள் போட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மொழிநடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வில்லனைப் பற்றி இல்லை. காதலைப் பற்றி இல்லை. பேசியதெல்லாம் பன்னிரண்டாம் அறையைப் பற்றி.

"இருக்கிற தண்ணி அளவாத்தான் இருக்கு. பன்னிரண்டுக்கும் விட்டால் ஒண்டுக்கும் காணாது. கப்டன் செய்ததுதான் சரி" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"அப்ப பன்னிரண்டாம் அறைக்காரர் தண்ணி குடிக்காத சாதியோ?" என்று பின்னால் இருந்து ஒரு குரல். "ஆளாளுக்கு அரைக் கிளாஸ் குறைச்சுக் குடிச்சிருந்தால் என்ன?"

முன்கதிரைகள் முழுவதும் கப்டன் பக்கம். பின்வாங்குகள் முழுவதும் பன்னிரண்டாம் அறைப் பக்கம். வாசகர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பிரிந்து உட்கார்வார்களா? அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் எழுத்து ஓர் ஊரையே இரண்டாக்கிவிட்டது என்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கடைசி வாங்கில் இருந்து மல்லிகா அக்கா எழும்பினார். ஐம்பது வயதிருக்கும். மலையகத்துத் தோட்டத்தில் இருந்து சிறுவயதிலேயே குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். பேச்சில் அந்த வாடை இன்னும் இருக்கிறது. பேப்பரில் உறை போட்ட வாசிகசாலைப் புத்தகம் கையில். நான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டவர் இவர்தான்.

"கதையை மாற்ற எனக்கு உரிமை இல்லை அக்கா. ரிவியில நடந்ததைத்தான் நான் எழுதினனான்" என்றேன். எனக்கு மனப்பாடமான பதில் அது.

"இல்லைங்க மிஸ். அந்த இடத்த நான் ரெண்டு தடவ பாத்தேன். கப்டன் ஒண்ணுமே பேசமாட்டாரு. கதவ மூடுவாரு, தலையக் குனிஞ்சுக்குவாரு. அவ்வளவுதான். இந்த வசனம் அவரு சொன்னதில்ல. நீங்க குடுத்தது."

இத்தனை மாதத்தில் இதை ஒருவரும் சொன்னதில்லை. ஆனாலும் மைக் கையில் இருக்கும்போது நான் தோற்றதாக வரலாறு இல்லை.

"கப்டனுக்கு வேற வழி இல்லை அக்கா. தண்ணி காணாத இடத்தில அதுதான் சரியான முடிவு எண்டுதான் நானும் நினைக்கிறன்."

முன்வரிசை கைதட்டியது. தவராசா அண்ணை தன் கொப்பியில் அதை எழுதிக்கொண்டார். செயலாளர் என்றால் எழுதத்தானே வேண்டும்?

கூட்டம் முடிந்து ஸ்கூட்டியை எடுக்கப் போனேன். வாசல் படலையடியில் மல்லிகா அக்கா நின்றார்.

"மிஸ், உங்களுக்கு வயல் இருக்குங்களா?"

"இல்லை அக்கா."

"அதான்."

பிறகு விளக்கினார். அந்த ஊர்க் குளத்துக்கு மூன்று வாய்க்கால். தண்ணீர் திறக்கும் துருசுக்குக் கிட்ட முதலாவது, கடைசியில் மூன்றாவது. மழை பொய்த்த வருடத்தில் சிறுபோகம் என்கிற கோடை விதைப்புக்கு முழு வயலுக்கும் தண்ணீர் காணாது. அப்படியான வருடத்துக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது — துருசடி வயல்களை மட்டும் விதைப்பது, ஆனால் எல்லோரும் பங்கு போட்டு விதைப்பது. வயல் யாருடையதாக இருந்தாலும் அந்தப் போகத்துக்கு ஆளுக்கொரு துண்டு. கடைசி வாய்க்கால்காரருக்கும் துண்டு உண்டு.

இந்த வருடம் அந்த வழக்கத்தை விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை. முதல் இரண்டு வாய்க்கால்காரரும் தங்கள் தங்கள் வயலை விதைக்கட்டும். மூன்றாம் வாய்க்கால் அடுத்த மழைவரை பொறுக்கட்டும். மல்லிகா அக்காவின் ஒரே ஏக்கர் மூன்றாம் வாய்க்காலில். இந்தப் போகம் விதைக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவதற்குக் கூலி வேலைதான். அதுவும் முதல் இரண்டு வாய்க்கால் பக்கம் யாராவது கூப்பிட்டால்.

"புதன்கிழமை கமக்காரர் கூட்டம் மிஸ், தண்ணி விசயத்த அங்கதான் முடிவு பண்ணுவாங்க. தவராசா ஐயாதான் அதுக்கும் செயலாளர். இன்னைக்கு நீங்க சொன்னத அங்க வாசிப்பாரு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாற்பது பேரும் என் நாவலுக்காக வரவில்லை. தண்ணீருக்காக வந்திருக்கிறார்கள்!

வழி முழுக்கத் தவராசா அண்ணையில் கோபம் கோபமாக வந்தது. வீடு வந்து சேர, அந்தக் கோபத்துக்கு அவரிடம் ஒரு குற்றமும் அகப்படவில்லை. நான் எழுதியதை அவர் வாசித்தார். நான் சொன்னதை எழுதிக்கொண்டார். அவ்வளவுதானே?

அன்று பின்னேரமே இருபத்தோராம் பாகத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மல்லிகா அக்கா சொன்னதுதான். கப்டன் கதவை மூடுகிறார். தலையைக் குனிகிறார். ஒரு சொல் இல்லை. அந்த நடிகரின் கண்ணில் இருந்தது வெட்கம். தான் செய்தது பிழை என்று தெரிந்த மனிதனின் வெட்கம். கப்டன் பெரிய மனிதனாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதைத் துடைத்துவிட்டு, ஒரு வீர வசனத்தைப் பூசியது நான். கதவை மூடச் சொன்னது நிபந்தனை. கதவை மூடியதற்குக் கைதட்டச் சொன்னது யார்?

வெட்கமாகத்தான் இருந்தது. சொல்வதற்கென்ன.

புதன்கிழமை காலை அதே மண்டபத்துக்குப் போனேன். "தங்கச்சியும் வந்திட்டாவோ!" என்று தவராசா அண்ணை உண்மையாகவே சந்தோசப்பட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பேச்சும் நியாயமாகத்தான் தொடங்கியது.

"எனக்கும் விருப்பமில்லை. ஆனால் பங்கு போட்டால் ஆளுக்குக் கால் ஏக்கர் வரும். கால் ஏக்கரில என்னத்தை எடுக்கிறது? ரண்டு வாய்க்கால்காரர் எண்டாலும் ஒழுங்கா விதைச்சு எடுக்கட்டும். எழுத்தாளர் தங்கச்சியும் இதைத்தான் சொன்னவா..."

கொப்பியைத் திறந்து, என் வசனத்தையும் ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதையும் நல்ல குரலில் வாசித்தார். அந்த மண்டபத்தில் அதைக் கேட்க எனக்கே கூசியது.

நான் எழும்பினேன்.

"அண்ணை, அந்த வசனம் கப்டன் சொன்னதில்லை. நான் எழுதினது. அதை எழுதேக்க என்ர வீட்டுக் குழாயில தண்ணி வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது பிழை. கொப்பியில இருந்து வெட்டிவிடுங்கோ."

சனம் குசுகுசுத்தது. தவராசா அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. "கதையில உள்ளதைத்தானே வாசிச்சனான்" என்றார்.

"அப்ப கதையப் பத்தி நான் ஒண்ணு கேக்கலாங்களா?" கடைசி வாங்கில் இருந்து மல்லிகா அக்கா. "மிஸ், கப்டனோட அறை எத்தனையாவது அறை?"

இருபத்தாறு பாகம் பார்த்தேன். முழுப் புத்தகம் எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் கப்டன் அந்த அறைக்குள் போகிறார், வருகிறார், தேநீர் குடிக்கிறார். ஒருநாள்கூட எனக்கு இது உறைக்கவில்லை.

"முதலாம் அறை" என்றேன்.

ஒருவரும் தவராசா அண்ணையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய தேவை இல்லை. துருசடியில் முதல் வயல் அவருடையது என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் கொப்பியை மூடினார். "எழுத்தாளரைக் கூப்பிட்டது என்ர பிழை" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதற்குப் பிறகுதான் சனமும் சிரித்தது. பழையபடி பங்கு போடுவது என்று கை உயர்த்தச் சொன்னார்கள். முன்கதிரைகளிலும் கைகள் உயர்ந்தன. எல்லாக் கையும் இல்லை. ஆனால் காணும் அளவுக்கு.

என் பேச்சால்தான் மாறியது என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? எழுத முடியாது. நான் பேசி முடித்த பிறகும் ஒரு கையும் அசையவில்லை. அந்தப் பெருமை முழுக்க என் வாசகிக்கு.

யாருக்கு எந்தத் துண்டு என்று சீட்டுக் குலுக்கினார்கள். மல்லிகா அக்காவுக்கு விழுந்த கால் ஏக்கர், தவராசா அண்ணையின் வயலுக்குள்.

இப்போது புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. அந்த வசனத்தை எடுக்கச் சொன்னேன். பதிப்பாளர் நெஞ்சில் கை வைத்தார். "அதுக்காகத்தானே வாங்குகினம்!" எடுக்காவிட்டால் பதிப்பே வேண்டாம் என்றேன். எடுத்துவிட்டார்கள். இனி அந்த இடத்தில் கப்டன் கதவை மூடுவார், தலையைக் குனிவார். அவ்வளவுதான்.

பின் அட்டைக்கு ஒரு வாசகர் கருத்தும் வேண்டும் என்றார் பதிப்பாளர். மல்லிகா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் உழவு இயந்திரத்தின் சத்தம்.

"யார்ர மெசின் அக்கா?"

"தவராசா ஐயாவோடது மிஸ். அவரு துண்ட உழுவுறப்போ என்னோடதையும் சேத்து உழுதுட்டாரு."

அவர் கூட்டத்தில் கேட்ட கேள்வியையே பின் அட்டையில் போடட்டுமா என்று கேட்டேன். "போட்டுக்கங்க மிஸ். பேருக்குப் பக்கத்துல மூணாம் வாய்க்கால்னு போட மறந்துடாதீங்க" என்றார்.

அப்படியே எழுதி அனுப்பினேன். ‘கப்டனோட அறை எத்தனையாவது அறை? — மல்லிகா, மூன்றாம் வாய்க்கால்.’

பதிப்பாளர் உடனே தொலைபேசி எடுத்தார். "இதில பாராட்டு ஒண்டும் இல்லையே? கேள்வி மட்டும்தானே இருக்கு. கீழ பதிலையாவது போடுவமா?"

"வேண்டாம்" என்றேன். "வாசிக்கிறவைக்கு அவையவையின்ர அறை தெரியும்."