வண்டூரில் குளியல் நேரம்

அன்று ஃபோனில் முதலில் கேட்டது தண்ணீர்ச் சத்தம்தான். "எங்கடா இருக்கே?" என்றேன். "ஓடையில மாப்ளே. குளிக்க இறங்கிட்டேன், என்னா ஜில்லுனு இருக்கு" என்றான் என் கல்லூரித் தோழன். "முதல்ல கரையேறுடா, உன் மேல ஒரு பஞ்சாயத்து இருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி மேலே வரவைத்தேன்.

வண்டூரில் அவன் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை இருந்தது உண்மைதான். சுனாமியில் நிலம் தாழ்ந்து, கடல் உள்ளே வந்து, வயலோடு அதையும் விழுங்கிவிட்டது. இப்போது அங்கே இருப்பது உப்பங்கழி. முதலை வரும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அவன் வளர்த்த இரண்டு நாய்களும் அங்கேதான் முதலைக்குப் போயின. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டன என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மதுரையில் ஒரே பெஞ்சில் படித்து, ஒரே கப்பலில் இந்தத் தீவுக்கு வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். எங்கள் செட்டில் மிச்சம் நாங்கள் இருவர்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. நேற்றுச் சாப்பிட்டது தெரியாது. கடல் வருவதற்கு முந்தைய வண்டூர் அப்படியே தெரியும். மெயின்லேண்டில் இருக்கும் அவன் மகள் இந்த மாதக் கடைசியில் வந்து தன்னோடு அழைத்துப்போகிறாள். அதுவரைக்கும் என்று டவுனில், மரைன் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிவந்து பார்த்தேன். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டான். வழி மட்டும் மறக்கவில்லை, பாவி.

பகலில் அங்கே ஆள் நடமாட்டம் உண்டு. பயமெல்லாம் வெயில் தாழும் நேரத்தில்தான். அப்போதுதான் அவனுக்குக் குளியல் ஞாபகம் வரும். அடுத்த வீட்டு வங்காளிப் பெண் படகுத்துறை வேலை முடிந்து வந்து கேட்டைப் பூட்டும்வரை அவனை வீட்டுக்குள் நிறுத்திவைப்பது என் பொறுப்பு. கெஞ்சினால் கேட்கமாட்டான். சண்டை போட்டால் நிற்பான். அதனால் தினமும் ஃபோனில் அதே பஞ்சாயத்தை இழுக்கிறேன்.

"காலேஜ் ஃபைனல்ல கேட்சை விட்டது நீதானடா?"

"யாரு, நானா? வாய் கூசாமப் பேசாதே. பந்து வந்தப்ப நீதான் லேடீஸ் ஹாஸ்டல் பக்கம் பார்த்துக்கிட்டு நின்னே."

ஒவ்வொரு நாளும் அவனுக்கு அது புதுக் கோபம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும் எனக்கு. பின்னால் கேட் பூட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வரும்.

நேற்று இருட்டும் நேரத்தில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "அங்கிள், ஆஜ் ஃபோன் நஹீ கியா?" இன்று பேசவில்லையா என்று கேட்டாள். அவள் வந்தபோது அவன் முழங்கால் தண்ணீரில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றானாம். கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள்.

பேசினேன் என்று அடித்துச் சொன்னேன். கேட்சுக்காக அவன் கத்தியதுகூட என் காதில் இருந்தது. பிறகு ஃபோனை எடுத்துப் பார்த்தால், கடைசியாக அவனை அழைத்தது முந்தாநாள். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் இனி யாரை நம்பி வேலைக்குப் போவாள்?

இன்றும் வெயில் தாழ்ந்துவிட்டது. இப்போதுதான் அவனோடு சண்டை போட்டு முடித்த மாதிரி இருக்கிறது. எதற்கும் இன்னொரு தடவை அழைக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை.