லைவில் ஷூ விற்றபோது கமெண்ட் போட்டவர்கள்

லைவில் ஷூ விற்கும் தொழிலில், ஷூவைக் காட்டுகிறவருக்குப் பேர் கிடைக்கும். கீழே ஓடுகிற கமெண்டைப் படிக்கிறவனுக்குக் கழுத்து வலி கிடைக்கும். நான் இரண்டாவது ஆள். கடை லைவோ, கோயில் திருவிழா லைவோ, எங்காவது கமெண்டைப் பார்த்துக்கொள்ள உட்கார வைக்கப்பட்டிருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

ஆம்பூர் பைபாஸ் பக்கம் அன்வர் பாயின் கடை. எக்ஸ்போர்ட்டுக்குப் போகாமல் நின்றுபோன ஷூ, பெல்ட், பை எல்லாம் மதிய நேரத்தில் லைவில் விற்போம். செல்போன் முன்னால் நிற்பவர் ரேவதி அக்கா. ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தவர். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரோடு.

எனக்கு மட்டும் தெரிகிற நட்சத்திரம்

கமெண்டில் யார் எப்படிப்பட்டவர் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. நேற்று அட்ரஸ் கொடுத்துவிட்டு கூரியர்காரர் போனை எடுக்காதவர், இன்று புது மனிதராக வந்து "எட்டாம் நம்பர் இருக்கா?" என்பார். அதனால் பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் நட்சத்திரம் கொடுக்கலாம், சின்னதாகக் குறிப்பும் எழுதலாம். என் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எங்கும் அது தெரியாது.

"கேட்பார், வாங்கமாட்டார்" என்று ஒருவருக்கு. "தங்கமான மனிதர்" என்று ஒருவருக்கு. பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்த அன்வர் பாய் சொன்னார்: "இன்னாப்பா, ஸ்கூல்ல உனக்குப் போட்ட மார்க்குக்கு என் கஸ்டமர் மேல பழி வாங்கறியா?"

வலது கால் மட்டும்

நெமிலி ராஜா என்ற பெயரில் ஒருவர் தினமும் வருவார். கேள்வி ஒன்றுதான்: "வலது கால் மட்டும் தருவீங்களா?" ஒரு நட்சத்திரம் கொடுத்து, "கிண்டல் பார்ட்டி" என்று எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் கமெண்டையே தூக்கப் போனபோது ரேவதி அக்கா பார்த்துவிட்டார். "கேக்கறாரு இல்ல, பதில் சொல்லு" என்றார். ஜோடியாகத்தான் வரும் என்று எழுதினேன்.

அவர் பதில் போட்டார்: "இடது கால் லாரி ஆக்ஸிடென்ட்ல போச்சுங்க. எப்ப வாங்கினாலும் ஒரு ஷூ வீட்ல சும்மா கிடக்குது." அப்புறம் பேரணாம்பட்டிலிருந்து யூசுப் என்பவர் எழுதினார். சின்ன வயசிலேயே அவருக்கு வலது கால் சூம்பிப்போய்விட்டது. அந்தக் காலுக்கு ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த பூட்ஸ்தான். இடது காலுக்கு மட்டும் கடை ஷூ வேண்டும். இருவருக்கும் எட்டாம் நம்பர்.

ஒரு ஜோடியை இரண்டு பெட்டியில் போட்டு இரண்டு ஊருக்கு அனுப்ப பாய் ஒத்துக்கொண்டார். தகராறு கலரில் வந்தது. ராஜாவுக்கு பிரவுன் வேண்டும், யூசுப்புக்குக் கறுப்பு. மற்றவர்கள் வாங்குவதை விட்டுவிட்டு இவர்களுக்குப் பஞ்சாயத்து செய்தார்கள். கடைசியில் யூசுப் எழுதினார்: "பிரவுன் எனக்கு சுத்தமா புடிக்காது. ஆனா ஒரு கலருக்காக இப்படி ஒரு தோஸ்தை விட முடியாது, பிரவுனே அனுப்புங்க."

கேமரா திரும்பியது

ஒருநாள் எனக்குப் பின்னால் தொங்கிய பையின் தையலைக் காட்ட, ரேவதி அக்கா செல்போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றி எடுத்து வந்தார். வழியில் என் ஸ்க்ரீன் முழுசாக லைவில் தெரிந்துவிட்டது. பெயர்கள், நட்சத்திரங்கள், குறிப்புகள், எல்லாமே.

"எனக்கு எவ்ளோ?" என்று ஆரம்பித்தார்கள். "போன வாரம்தானே பெல்ட் வாங்கினேன், எனக்கு ரெண்டு ஸ்டாரா?" என்று ஒருவர். பை மேல் யாருக்கும் அக்கறையில்லை. அதற்குள் அன்வர் பாயின் போன் அடித்தது. வெளியே போய் உருதுவில் ரொம்ப நேரம் பேசிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். வாணியம்பாடி ரோஜா என்ற பெயருக்கு நான் "வெட்டிப் பேச்சு" என்று எழுதியிருந்தேன். அந்த ரோஜா வேறு யாருமில்லை, பாயின் மகனுக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண்ணின் அப்பா. "முதல்ல அந்த சனியனை எடு" என்றார் பாய். எக்ஸ்டென்ஷனை எடுத்தேன். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்: "நிக்காஹ் நடக்கணும்பா. சம்பந்தி ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு, எழுதினது நீயா, நானா?"

நட்சத்திரம் இல்லாத மதியம்

எழுதியது நான்தான் என்று சம்பந்திக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். கல்யாணத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் எக்ஸ்டென்ஷன் போனதும் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

பாய்க்கும் ரேவதி அக்காவுக்கும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. அக்காவைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறவன் ஒருவன் இருந்தான். பிளாக் செய்தால் வேறு பெயரில் வருவான். அதனால் பிளாக் செய்யாமல், எழுத்து நடையை வைத்துக் கண்டுபிடித்து, அவனுடைய ஒவ்வொரு பெயருக்கும் குறிப்பு எழுதி, அக்கா கண்ணில் படுவதற்குள் கமெண்டைத் தூக்கிக்கொண்டிருந்தேன். குறிப்புகள் போனபின் அவன் மரியாதையாக வந்தான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. "அக்கா, ஏழாம் நம்பர் காட்டுங்க" என்றான். "இதோ காட்டறேன் தம்பி" என்று அக்கா ஷூவை எடுத்தார். அவனுடைய அடுத்த கமெண்டை, வழக்கம்போல வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தவர், இரண்டு வார்த்தையில் நிறுத்திவிட்டார்.

பாய் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அக்கா கையில் ஷூ அப்படியே இருந்தது. தண்ணீர் குடித்தார். பிறகு கேமராவைப் பார்த்து, "நான் நின்னு சம்பாதிக்கிறேன். நீ உன் சொந்தப் பேரைப் போட்டு வந்து பேசு" என்றார். அதே மூச்சில் ஏழாம் நம்பரின் அடித்தோலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

லைவ் முடிந்ததும், "இவன் இதுக்கு முன்னாடி வந்திருக்கானா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பாய் உடனே எக்ஸ்டென்ஷனை மறுபடியும் போடச் சொன்னார். அக்கா நன்றி சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அது இல்லை. "என்னைப் பத்தி எழுதினதை எங்கிட்டயே மறைக்க நீ யாரு? மறுபடியும் போடு, ஆனா ஸ்க்ரீனை எனக்குத் தெரியற மாதிரி வை. யாரைத் தூக்கணும்னு நான் சொல்றேன்."

கடைக்கு நேரில் வருபவரின் காலை மட்டும் பார்த்தால் போதும். லைவுக்கு வருபவரிடம் கால் தவிர மீதி எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.